பிரவீனா இருந்த டிஸ்க்

திருச்செங்கோட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் காலம் தள்ளிய ஜெகதீஸ்வரன், அறுபது வயதுக்குமேல் ஒரு செத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளட்டும். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் போன் போட்டால் பேசுகிறவர்கள்.

அச்சகத்துக்கென்று வாங்கிய அந்தப் பழைய மேக் கம்ப்யூட்டரோடு ஒரு மைக்கும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் பிரவீனா அதைப் பிடித்துக்கொள்வாள். பேசுவாள், சேவல் மாதிரி கூவுவாள், எல்லாவற்றையும் பதிந்து வைப்பாள். ஜெகதீஸ்வரன் தவறாக எதையாவது அழுத்தினால் மெஷின் மணியடிக்காது. "தப்புங்கப்பா!" என்று அவள் பதிந்து வைத்த குரலில் அதட்டும். பத்திரிகை அச்சடிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

தொண்ணூற்றேழில் மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். வயது ஏழு. அடுத்த வருஷம் மெஷினும் படுத்துவிட்டது. வீடியோ கிடையாது, கேசட் கிடையாது. அவள் குரல் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த டிஸ்க்தான்.

அவர் மனைவி மைதிலிக்கு அதுவே உறுத்தல். துணிமணி, கொலுசு, சிலேட்டு எல்லாவற்றையும் அப்போதே காவிரியில் விட்டாயிற்று. இது மட்டும் பீரோவில் கிடந்தது.

"கொழந்தைய டப்பாக்குள்ள அடச்சு வெச்சிருக்கறீங்க. அவ எப்படிங்க கரை சேருவா?" என்பாள்.

கடைசியில் அவர் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். குரல் வெளியே வந்த அன்றைக்கே டப்பாவும் ஆற்றுக்குப் போய்விடும்.

வருவதுதானே பாடு. அந்த டிஸ்க்கை மாட்டுவதற்கான வாயே இப்போது எந்த மெஷினிலும் இல்லை. ஈரோட்டில் ஒருவன் எப்படியோ மாட்டினான். டிஸ்க்கை ஃபார்மட் செய்து உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. அந்தப் புண்ணியவான் சரி என்று அழுத்தப் போனான். ஜெகதீஸ்வரன் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படித்தான் போன ஆடி அமாவாசை அன்று காலையில் இருவரும் சேலம் சூரமங்கலத்தில் தனசேகரின் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த டிஸ்க்கை மாட்டப் பழைய கார்டு ஒன்றும், அதைப் படிக்க லினக்ஸும் வைத்திருந்த ஆள். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. டிஸ்க் கீச்சென்று கத்திக்கொண்டு சுழன்றது. திரையில் ‘பிரவீனா’ என்று ஒரு ஃபோல்டர் வந்தது. உள்ளே பன்னிரண்டு ஃபைல்கள். மைதிலி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தனசேகர் பன்னிரண்டையும் பென்டிரைவில் ஏற்றினான். "பூராவும் வந்துருச்சுங்கண்ணா. இப்பத்த மெஷின்ல கேக்கற மாதிரி மாத்திப் போட்டுக் காட்டட்டுங்களா? கொஞ்சம் நேரமாவும்."

"வேண்டாஞ் சாமி" என்று மைதிலி முந்திக்கொண்டாள். "ஊட்டுல போயிக் கேட்டுக்கறோம். அடுத்தவங்க கடையில உக்காந்து நான் அழுவ மாட்டன்."

வீட்டு லேப்டாப்பில் போட என்ன செய்யவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். அவ்வளவுதான். பன்னிரண்டு பெயரையும் கண்ணால் பார்த்தாயிற்று, இன்னும் என்ன சந்தேகம்? நாளோ அமாவாசை. பஸ் ஏறி நேரே பவானி கூடுதுறைக்குப் போனார்கள். திதி கொடுக்க வந்த கூட்டத்தில் முண்டியடித்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். மைதிலி டிஸ்க்குக்கு மஞ்சள் தடவி, பூச் சுற்றினாள். "போயிட்டு வா கண்ணு" என்றாள். ஜெகதீஸ்வரன் டிஸ்க்கைத் தண்ணீரில் விட்டார். பெற்ற கடனைத் தீர்த்துவிட்டோம் என்று மனம் அப்படி லேசாகிவிட்டது அவருக்கு. இருபத்தேழு வருஷத்தில் அன்றுதான் பஸ்ஸில் தூங்கினார்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, சீட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். சத்தம் இல்லை. அடுத்ததை அழுத்தினார். இல்லை. பன்னிரண்டும் ஊமை. தனசேகருக்குப் போன் போட்டார். மைதிலியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"சைஸ் எவ்வளவுன்னு பாருங்கண்ணா."

"எல்லாம் சைபர்னு காட்டுது தம்பி."



"ஐயோ, எந் தப்புத்தாங்கண்ணா. அந்தக் காலத்து மேக், ஒரே ஃபைல ரெண்டு பாகமா வெச்சிருக்கும். பாட்டு, பேச்செல்லாம் ரெண்டாவது பாகத்துல கெடக்கும். நான் சாதாரணமா காப்பி போட்டேன், மொதப் பாகம் மட்டும் வந்துருக்குது. அது வெறும் பேருதான்."

"அப்ப… புள்ள பேசுனது?"

"அது எங்கயும் போவலீங்கண்ணா, டிஸ்க்குலயே பத்திரமா இருக்குது. ரெண்டாவது பாகத்த எடுக்கத் தனி வழி இருக்குது, அஞ்சு நிமிச வேலை. ஒண்ணும் கவலப்படாதீங்க, நாளைக்கு டிஸ்க்க எடுத்துட்டு வாங்க."



"சரிங்க தம்பி, கொண்டாரேன்" என்று சொல்லி ஜெகதீஸ்வரன் போனை வைத்தார்.

மைதிலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதைங்க கொண்டு போவீங்க?" என்றாள்.