சாத்தாத கதவு

அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அவர்கள் அறைக்கதவு இன்னும் ஒருநாள்கூட முழுதாகச் சாத்திக்கொண்டதில்லை. நாலு விரற்கடை இடுக்கு. கதவு மேலும் திறந்துகொள்ளாமலிருக்க உள்ளே ஒரு நாற்காலி. இடுக்கு வழியே மாமியார் டீ வேணுமா என்பார். மாமனார் கண்ணாடியைத் தேடிக்கொண்டு, நாற்காலியோடு கதவைத் தள்ளித் தலையை நீட்டுவார்.

கணவனின் கொள்ளுத்தாத்தா காலத்து மாடிவீடு. மரத்தூண், மேலே உத்தரம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சாய்வாக ஒரு முட்டு. இடையில் குச்சி பின்னி மண் பூசிய சுவர். இரும்பாணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மர ஆணி.

"வீடே சாயுதுன்னா நான் என்ன பண்ணட்டும்? கதவைச் சீவிச் சீவி இளைக்க வச்சாச்சு. டவுன்ல வாடகைக்குப் பாத்துடலாம்," என்றான் கணவன்.

அவளுக்கு மனசில்லை. கீழறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். மாமியார்தான் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். போகிற போக்கில் விட்டுப்போகிற இடமா இது?

கடைசியாக ஒருமுறை தச்சரை வரவழைத்தாள். அவர் மூட்டுகளில் படிந்த கரியைச் சுரண்ட, உளியால் வெட்டிய கோடுகள் தெரிந்தன.

"பட்டறையிலயே பொருத்திப் பாத்து, கோடு போட்டுக் கழட்டி எடுத்துட்டு வருவாங்கம்மா. மூணு கோட்டு முட்டு, மூணு கோட்டுத் தூணுக்கு."

அவள் எண்ணினாள். கதவின் இடப்பக்கத் தூணில் மூன்று கோடு, முட்டில் நான்கு. வலப்பக்கம் போனாள். தூணில் நான்கு, முட்டில் மூன்று.

"அண்ணே! இது கை மாத்தித் தச்ச சட்டை. தோள் இழுக்காம என்ன செய்யும்?"

தச்சர் அளந்தார். ஒரு முட்டு கட்டைவிரல் அகலம் குட்டை. தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். "நான் கறையானைத் தேடிட்டு இருக்கேன்! இத்தனை வருஷமா ஒருத்தரும் எண்ணலையே!"

ஜாக்கி வைத்து உத்தரத்தைத் தாங்கி, மர ஆணிகளைத் தட்டி எடுத்து, முட்டுகளை இடம் மாற்றினார். சீவிய கதவுக்கு ஒட்டுப்பலகை வைத்தார். மூன்றாம் நாள் கதவு 'டக்'கென்று சாத்திக்கொண்டது.

பழக்கதோஷத்தில் தோளால் இடித்த மாமியார், "ஐயோ!" என்றார். "இனிமே தட்டணுமாடி?"

"ஆமா அத்தை."

 பிறகு மெதுவாக இரண்டு தட்டு. "டீ வேணுமா?"

கணவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். "தள்ளிக்கோம்மா. இதை மிஷின் பக்கத்துல போடறேன். நீ உக்காந்தே காஜா எடு."