கோவளத்துத் தண்ணீர்

எண்ணூர்க் குப்பத்தில் செங்கொடியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையைக்கூட ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். ஆற்றில் விஷம் இருக்கிறதா என்று சோதிக்க வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றால், அவளை மட்டும் சும்மா நம்பிவிடுவாளா?

செங்கொடியைச் சொல்லியும் குற்றமில்லை. இதற்கு முன்னால் மூன்று கூட்டம் வந்து போயிருந்தது. பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், மீனவர் சங்கத்துச் செலவில் இளநீர் குடித்தார்கள். கடைசியில் எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆற்றில் இறங்கினால் கால் அரிக்கிறது, இறால் செத்து மிதக்கிறது, காகிதத்தில் மட்டும் எல்லாம் சுத்தம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்!

இந்த முறை வந்தவள் ஷாஸியா. ராயபுரத்துப் பெண், கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் பாட்டில் கொண்டுவரவில்லை. பழவேற்காட்டிலிருந்து ஒரு கூடை மட்டிச் சிப்பி கொண்டுவந்தாள்.

"தண்ணி ஓடிப் போயிடும்க்கா, இன்னிக்கு கீறது நாளைக்கு இருக்காது. மட்டி அப்டி இல்ல. ஒரே எடத்துல குந்திகினு தண்ணிய இழுத்து இழுத்து வுடும். அதுல வர்ற ஈயம், காட்மியம் அல்லாத்தையும் ஒடம்புல சேத்து வெச்சிகினே இருக்கும். மனுசன் பொய் சொல்லுவான், மட்டிக்கு சொல்லத் தெரியாது."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. மட்டிகளை வலைப்பைகளில் போட்டு, கெமிக்கல் கம்பெனியின் கழிவுக் குழாய்க்குப் பக்கத்தில், ரயில் பாலத்தடியில், முகத்துவாரத்தில் என்று மூன்று இடத்தில் கழி நட்டுக் கட்டினாள். இருபது வருஷமாக இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி மட்டி எடுக்கிற செங்கொடியையே காவலுக்கு வைத்தாள். செங்கொடி ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வீட்டில் இருந்தது.

மகள் மகிழினிக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிள்ளை. வியாசர்பாடியில் புருஷன் வீட்டில் எது தின்றாலும் வாந்தி என்று தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். மட்டிக் குழம்பு ஒன்றுதான் வயிற்றில் நின்றது. செங்கொடியும் செய்து கொடுத்தாள், ஆனால் அவள் முறைப்படி. நல்ல தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு பொழுது ஊற வைப்பாள். மட்டி உள்ளே இருக்கிற கசடையெல்லாம் கக்கிவிடும், பிறகுதான் சட்டி. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் பரிமாறினாள். ஆறு பழைய ஆறாக இல்லை. பெண்ணுக்கு இதைக் கொடுக்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்கு யாராவது உண்மையான பதில் சொல்ல மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், மூன்று பைகளும் சங்கக் கட்டடத்துப் பின்னறைக்கு வந்தன. ஷாஸியா மூன்று தொட்டிகளை வைத்து, கோவளத்திலிருந்து கேனில் கொண்டுவந்த சுத்தமான கடல் தண்ணீரை ஊற்றி, மட்டிகளை அதில் போட்டாள்.

"ஒரு நாள் இதுலயே கெடக்கட்டும்க்கா. நாளைக்கு சாயங்காலம் லேபுக்கு எடுத்துகினு போறேன்."

செங்கொடிக்குச் சுரீரென்றது. முப்பது நாள் விஷத்தைக் குடிக்க வைத்துவிட்டு, சாட்சிக்கூண்டில் ஏற்றும் முன்னால் குளிப்பாட்டுகிறாளா? ஊற வைத்தால் என்ன ஆகும் என்று செங்கொடிக்குத் தெரியாதா? லேபுக்குப் போவது வெறும் சக்கை. மறுபடியும் அளவுக்குள் என்றுதான் எழுதப்போகிறார்கள்.

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன வாரம் கம்பெனி ஜீப் டிரைவர் ஷாஸியாவைப் பார்த்துச் சிரித்தானே, ஏன்? போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுகிறாளே, யாரிடம்? அவள் கையிலிருந்த போன்கூடப் புதுசு மாதிரி தெரிந்தது. எதையும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் ஷாஸியா ராயபுரத்துக்குப் போனாள். சாவி செங்கொடியிடம். நேராகக் கம்பெனிக் குழாய்க்குப் போய்த் தண்ணீரில் இறங்கி, அதே அளவில் முப்பது மட்டி துழாவி எடுத்தாள். சங்கத்துப் பின்னறைக்கு வந்து, குழாயடி மட்டி கிடந்த முதல் தொட்டியில் இருந்ததையெல்லாம் வழித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, புதுசைத் தொட்டியில் கொட்டினாள். இப்போது எழுதட்டும் பார்க்கலாம்!

கூடையில் இருந்ததை வீசவா முடியும்? ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கோவளத்துத் தண்ணீரில் ஊறிய மட்டி. எண்ணூரிலேயே இதைவிடச் சுத்தமான மட்டி கிடைக்காது. புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தாள். மகிழினி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு செங்கொடி அன்றுதான் பயமில்லாமல் பரிமாறினாள்.

சாயங்காலம் ஷாஸியா வந்து முதல் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"போகும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சேக்கா. இப்ப எப்டி இவ்ளோ சேறு?"

"நாந்தான் மாத்துனேன்." செங்கொடி இடுப்பில் கை வைத்தாள். "இன்னா பாப்பா, என்னியே டபாய்க்கிறியா? வெசத்த அல்லாம் கக்க வெச்சிட்டு லேபுக்கு எத்த எடுத்துகினு போற? கம்பெனிகாரன் எவ்ளோ குடுத்தான்?"

ஷாஸியா சண்டைக்கு வரவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் செங்கொடிக்குத் தப்புச் செய்துவிட்டோமோ என்று பயம் வந்தது.

"அக்கா, சேறு அதோட வயித்துல கீது. அத்தோட சேத்து அரைச்சா, இது வெறும் சேத்துக் கணக்கு, மட்டி ஒடம்புல ஏறுனது இல்லன்னு கோர்ட்டுல கம்பெனி வக்கீல் ஒரே வார்த்தைல தள்ளிடுவான். அதுக்குதான் சேத்த மட்டும் கக்க வெச்சேன்."

"அப்ப வெசம்?"

"அது சதைல ஏறிடுச்சி. ஒரு நாள்ல போவாது. மாசக்கணக்குல நல்ல தண்ணில போட்டு வெச்சாலும் முழுசா போவாது. அதனாலதான மட்டிய சாட்சியா வெச்சேன்?"

இந்தப் பெண் கம்பெனியிடம் காசு வாங்கியவளாக இருந்துவிடக் கூடாதா? இப்போது சொன்னதும் பொய்யாக இருந்துவிடக் கூடாதா? செங்கொடி ஷாஸியாவின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். அதில் பொய் இல்லை.

"போவட்டும்க்கா. பழைய மட்டி எங்க? குப்பைல போட்டிருந்தாலும் பரவால்ல, பொறுக்கிக்கலாம். எங்க கீதுன்னு சொல்லுங்க."

"மகிழினி துன்னுட்டா."

ஷாஸியா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஒரு வாட்டி துன்னா ஒண்ணும் ஆவாதுக்கா. பயப்படாதீங்க," என்றாள்.

"ஒரு வாட்டியா?" செங்கொடி கேட்டாள். "வந்து ரெண்டு மாசமா அதான் பாப்பா. ஊற வெச்சி, ஊற வெச்சி, என் கையாலயே குடுத்தேன்."

ஷாஸியா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். செங்கொடி அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நீயும் கூட வா. எனக்கு வேற யாரையும் நம்பத் தெரியல."