டீச்சரம்மா வீட்டு ஊதா

“உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? நான் கொடுத்த பூ வெள்ளை!”

“சத்தியமா ஊதாதாம்மா கொடுத்தீங்க. என்னை வெச்சு விளையாடாதீங்க.”

டீச்சரம்மாவும் பெயிண்டரும் போட்ட சத்தத்துக்குத் தெருக்காரர்கள் நாங்கள் காதைத் தீட்ட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் ஜன்னலுக்கு வந்துவிட்டோம், ஒரு மரியாதைக்காக.

முந்தாநாள் புதுத் தொட்டிச்செடியில் ஒரு பூவைப் பறித்து, “கூடத்துக்கு இதே நிறம்” என்று பெயிண்டரிடம் நீட்டிவிட்டு, டீச்சரம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் கூடம் முழுக்கக் கத்தரிக்காய் ஊதா. வெளியே செடியில் பூவெல்லாம் வெள்ளை வெளேர்.

“மறுபடி அடி. இல்லேன்னா இந்தத் தெருவுல ஒரு சுவரையும் நீ தொட முடியாது, ஆமா!”

நிறம் கலப்பதில் கெட்டிக்காரர் என்ற பெயரில்தான் பெயிண்டரின் பிழைப்பே ஓடியது. சுவரோடு வைத்துப் பார்க்க ஒரு பூவைப் பறித்தார். கையில் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்ததால், பூவைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

“துப்புங்க! முதல்ல துப்புங்க!”

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரி. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், பாதிச் சோற்றில் எழுந்து ஓடிவந்தாள்.

“விஷச்செடிங்க அது! கத்தரிச்செடிக்குப் பங்காளி. பங்காளின்னா சும்மாவா?”

அவரை வாய் கொப்பளிக்க வைத்தாள். டீச்சரம்மாவின் நாய் எதையும் கடிக்கும் ஜாதி என்பதால், அது எட்டாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தினாள். அப்போதுதான் செடியின் சுவர்ப்பக்கம் தெரிந்தது. ஒரே கிளையில் அன்று விரிந்த பூ ஊதா, கொஞ்சம் வாடியது வெளிர் ஊதா, உதிரப்போவது வெள்ளை.

“பூவுதாம்மா வெளுத்துப்போச்சு, நான் இல்ல” என்றார் பெயிண்டர், ஈரவாயைத் துடைத்துக்கொண்டே.

டீச்சரம்மா தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆளா? “அதான் ஊதாவே இருக்கட்டும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டே.”

“சாயங்காலம் வரைக்கும் என் கடையில உக்காருங்க, தலை சுத்துதான்னு பாக்கணும்” என்று பெயிண்டரை அழைத்துப் போனாள் மருந்துக்கடைக்காரி.

சுற்றவில்லை. ஆனாலும் மறுநாளும் போய் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். “இன்னும் லேசா இருக்குங்க” என்றாராம்.

அந்த வருஷமே இருவரும் கல்யாணம் செய்துகொண்டு பஸ் டிப்போ பக்கம் குடிபோனார்கள். டீச்சரம்மா நாயோடு அக்கா வீட்டுக்கே போய்விட்டார்.