குழிக்கு இறங்கும் முறை

தோள்பட்டை இரண்டும் கழன்று தொங்குவது போல வலித்தது முக்குளிக்கு. இரவு முழுக்க லாரியிலிருந்து அழுகல் மீனை வாரி இறக்கியவன். பீடியை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை; வாயைத்தான் பீடிக்குக் கொண்டுபோனான்.

"என்ன மச்சான், பீடிக்கே கும்பிடு போடுற?" என்று சிரித்தான் குட்டையன், அவன் மனைவியின் தம்பி.

"வாய மூடுடா. இன்னைக்குக் குழி என் முறை."

மீன்தூள் ஆலையின் பின்புறம் இருந்தது குழி. அரைக்கப் போகிற மீனின் தண்ணீர் வடிந்து சேரும் கான்கிரீட் தொட்டி, இரண்டு ஆள் ஆழம். அடியிலிருக்கும் பம்பின் வாயைச் செதிலும் முள்ளும் அடைத்துக்கொண்டால் ஒருவன் ஏணியில் இறங்கிக் கையால் தோண்ட வேண்டும். அதே இடத்தில்தான் முன்பு இவர்கள் படகுகளை ஏற்றிப் போட்டார்கள். முதலில் ஐஸ் பிளாண்ட் வந்தது. யாரும் எதிர்க்கவில்லை, எல்லோருக்கும் ஐஸ் வேண்டியிருந்தது. பிறகு கப்பல் அணையும் ஜெட்டி. அதன் பின்னாலேயே எண்ணெய்த் தொட்டிகள், உரக் கம்பெனி, கடைசியில் இந்த ஆலை. வலையில் மீன் படுவது நின்றதும் படகை விற்றவர்கள் ஆலை கேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். இப்போது மீன் லாரியில் வருகிறது. தின்ன அல்ல, அரைக்க.

படகு போனாலும் படகின் பழக்கம் ஒன்று போகவில்லை. ஒழுகுகிற படகில் தண்ணீர் இறைக்கும் முறையைக் கைமாற்றாகக் கொடுப்பார்கள். காய்ச்சல்காரனுக்காக இன்று நீ இறைத்தால், உன் முறை வரும்போது அவன் இறைத்தாக வேண்டும். தட்டிக்கழித்தவனை மறுபடி எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். குழிக்கும் அதே கணக்குத்தான். கம்பெனிக்கு இது தெரியாது.

"முறைய எங்கிட்ட குடு. அடுத்த வாரம் என் முறைக்கு நீ எறங்கு," என்றான் குட்டையன்.

"வேண்டாண்டா. நாலஞ்சு நாளா தேங்கிக் கெடக்கு. மேல நுரை கட்டியிருக்கு பாரு."

"நுரையப் பாத்து நடுங்குற. பேரு மட்டும் முக்குளி!"

சூப்பர்வைசர் வந்தார். குழிக்கு இறங்குகிறவன் மாட்டிக்கொள்ள வேண்டிய வாயு முகமூடி சுவரில் கண்ணாடி அலமாரிக்குள் தொங்கியது. சாவி சேஃப்டி ஆபீசரிடம். அவர் டவுனுக்குப் போயிருந்தார்.

"மத்தியானம் வந்துருவாரு. ஆனா அதுவரைக்கும் மெஷின நிறுத்த முடியாது," என்றார் சூப்பர்வைசர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"மீன் நாத்தத்துக்கு எங்களுக்கு எதுக்கு சார் முகமூடி? எங்கம்மா என்னைப் பெத்ததே மீன் கூடைக்குப் பக்கத்துல." குட்டையன் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு ஏணியில் இறங்கினான்.

முக்குளி மேலே வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் வாளி வந்தது. "தூ! என்னா நாத்தம்," என்று கீழிருந்து குரல். அடுத்த வாளியும் வந்தது. அதற்குப் பிறகு குரல் உற்சாகமாகக் கேட்டது.

"மச்சான், நாத்தமே இல்ல! சுத்தமா போயிடுச்சு!"

முக்குளிக்கு நிம்மதியாக இருந்தது. படகில் மீன் அறையைக் கழுவும்போது நாற்றம் போனால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அவன் அப்பனும் அப்படித்தான் கழுவினான்.

"அப்ப போதும், ஏறி வா," என்றான். சொல்லி முடிக்கும்போதுதான் உறைத்தது. தன் மூக்கில் நாற்றம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. செத்தது நாற்றம் அல்ல, வாயு ஏறிக் கீழே இருந்தவனின் மூக்கு.

கயிறு தொய்ந்து கிடந்தது. எட்டிப் பார்த்தான். பம்பின்மேல் குப்புறக் கிடந்தான் குட்டையன், அசதியில் தூங்குகிறவன் போல.

"டேய்! டேய் குட்டையா!"

ஏணியில் கால் வைத்தான். பின்னாலிருந்து ஒரு கை சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. மீன்தூள் காயவைக்கும் தளத்து வேலையை விட்டு ஓடிவந்த அவன் மனைவி.

"விடுடி! உன் தம்பிடி உள்ள!"

"தெரியும்." அவள் விடவில்லை. "உரக் கம்பெனித் தொட்டியில ஒருத்தன எடுக்கப் போயி ஒவ்வொருத்தனா மூணு பேரு போனாங்களே. நீயும் போயிட்டா நான் யாரைக் கூப்பிட?"

திமிறினான். அவள் பிடியை உதற அந்தத் தோள்களில் வலு இல்லை. அவள் தன் தம்பி கிடந்த பக்கம் திரும்பவே இல்லை. கணவனின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ கம்பியால் அலமாரிக் கண்ணாடியை அடித்தார்கள். ஒரே அடியில் உடைந்தது. அத்தனை மெல்லிய கண்ணாடி.

முகமூடி மாட்டிய ஒருவன் இறங்கி, மேலே கொண்டுவந்து கிடத்தியபோது குட்டையனின் வெள்ளி மோதிரம் குழியின் வாயுவில் கரியாகக் கறுத்திருந்தது. அக்காக்காரி அதைக் கழற்றித் துணியால் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடக்கம் முடிந்தது. மெஷின் ஓடியது. லாரிகள் வந்தன. அடுத்த வாரம் குழி மறுபடி அடைத்துக்கொண்டது. அலமாரிக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள், தடித்த கண்ணாடி. பூட்டும் புதுசு. சேஃப்டி ஆபீசர் அன்றும் டவுனுக்குப் போயிருந்தார்.

"யாரு முறை?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அவனவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். அது குட்டையனின் முறை என்பதும், அதை எவன் கைமாற்றாக வாங்கியிருக்கிறான் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

காயவைக்கும் தளத்தில் முக்குளியின் மனைவி மீன்தூள் கிளறும் துடுப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

குழியின் மேல் நுரை கட்டியிருந்தது. செத்துப்போன மச்சினனுக்கு முக்குளி ஒரு முறை இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன் இன்னும் அப்படியே நின்றது.