ஆராய்ச்சிக்குக் கொடுத்த குரல்

கரங்கானிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலை, எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் போய் முடிகிறது. அங்கே தொழிலாளர் லயத்தின் முதல் வீடு இருளப்பனுடையது. பல்கலைக்கழகத்திலிருந்து யார் வந்தாலும் அந்தக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். இருளப்பனுக்கோ ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது.

மண்ணைப் படிக்கிறவர்கள் வந்து வாசலில் குழி தோண்டினார்கள். கொசுவைப் படிக்கிறவர்கள் வந்து குளியலறைத் தொட்டியில் குழாய் விட்டு உறிஞ்சினார்கள். எலி பிடிக்கும் ஆந்தையைப் படிக்கிறவர்கள் வீட்டுக்குப் பின்னால் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைத்தார்கள். செம்பனை மட்டையை அரைத்துப் பலகை செய்யப்போகிறோம் என்று ஒரு கூட்டம் வந்து லோரி நிறைய மட்டை ஏற்றிக்கொண்டு போனது. மருத்துவம் படிக்கிறவர்கள் இருளப்பனின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, முழங்காலையும் படம் பிடித்துப் போனார்கள்.

“நம்ம முட்டிய நாமகூட இவ்வளவு கவனிச்சதில்ல, பாரேன்” என்றார் இருளப்பன். நாள் முழுக்க நீளக் கழியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டிவிட்டு, தோள் கழன்று விழுகிற மாதிரி வீட்டுக்கு வருகிற மனிதர். தன்னை யாராவது உட்கார வைத்து, ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்டால் அவருக்கு வலி பாதி போய்விடும்.

அவர் மனைவி குணவதிக்கு வேறு கவலை. “எல்லாம் ஒரே யூனிவர்சிட்டிதானே? அப்புறம் ஏன் தனித்தனியா வர்றாங்க? ஒண்ணா வந்தா ஒரே தடவையா தேத்தண்ணி கலக்கிக் குடுத்துடுவேன்ல?”

கடைசியாக வந்தவள் பர்ஹானா. சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். அவள் படிப்பது பேச்சை. தோட்டத்துக்காரர்கள் வீட்டுக்குள் தமிழை எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறாளாம். தீப்பெட்டி அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை அலமாரி மேல் வைத்தாள்.

“இது இருக்கிறதையே மறந்துடுங்க, அங்கிள். எப்பவும் பேசுற மாதிரி பேசுங்க, போதும்.”

“அப்படியே செய்கிறேன், அம்மா” என்றார் இருளப்பன், வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல. பகல் முழுக்க அதே குரல்தான். “குணவதி, மதிய உணவு ஆயத்தமாகிவிட்டதா?” என்று கேட்டபோது அவள் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் ஆவதற்குள் அவருக்கு அலுத்துவிட்டது. கருவியும் மறந்துவிட்டது.

முந்தின நாள்தான் மகள் காஞ்சனாவுக்கு நிச்சயம் நடந்திருந்தது. மாப்பிள்ளை ஜெயகுமார் நல்ல பையன், கூலிமில் தொழிற்சாலை வேலை. அவன் அப்பா முனியாண்டி, லூனாஸில் லோரி ஓட்டுகிறவர். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை அன்று சாயங்காலம்தான் குணவதி பிரித்து அடுக்கினாள். ஒரு தட்டில் பெரிய தேயிலைப் பாக்கெட். அதன்மேல் ‘கப் இலவசம்’ என்று படத்தோடு அச்சடித்திருந்தது. கப்பை ஒட்டியிருந்த டேப்பை உரித்தெடுத்த தடம்கூட அப்படியே இருந்தது. கப் மட்டும் இல்லை. இருளப்பன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். திறந்த வாய் வெகுநேரம் மூடவில்லை.

மறுநாள் கருவியை எடுக்க வந்த பர்ஹானா, “ஆளுங்க பேரையெல்லாம் நாங்க மறைச்சிடுவோம். வேற எதையாவது அழிக்கணும்னா சொல்லுங்க, அங்கிள்” என்றாள்.

“நம்ம வீட்டுல மறைக்க என்னம்மா இருக்கு? எல்லாத்தையும் போட்டுக்க!” என்றார் இருளப்பன், தாராளமாக.

சில மாதங்கள் போயின. கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வேண்டிய நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி வந்தது. எந்த ஊரில் ஆராய்ந்தார்களோ, அந்த ஊருக்கே எல்லாத் துறைகளின் ஆராய்ச்சிகளையும் கொண்டுவந்து காட்டப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை, கரங்கான் பொது மண்டபத்தில். இருளப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. உடனே லூனாஸுக்குப் போன் போட்டார்.

“சம்பந்தி, புரொபசருங்கல்லாம் என்னைப் பத்தி எழுதியிருக்காங்க. நீங்களே வந்து பாருங்க!”

இந்த முனியாண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் ரோஷம் மூக்கு நுனியில் நிற்கும். மூத்த மகனுக்குப் பேசி முடித்த இடத்தில் பந்தியில் தனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனார்கள் என்று இலையை மடக்கிவிட்டு எழுந்தவர். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. இந்தக் கதை லூனாஸில் எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை இருளப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனார். சுவரோரம் முழுக்கப் பெரிய பெரிய படங்கள், மேசைகள், கண்ணாடிக் குப்பிகள். நேராகப் பர்ஹானாவின் மேசைக்குப் போய்க் காதுக் கருவியை மாட்டினார். உள்ளே இவர் குரல்தான். ஆகா! பூரித்துப்போனார், அடுத்த வரி வரும்வரை.

“இந்தாளுக்கு மனசு எப்படி வந்துச்சு பாரேன்! கப்பு இலவசம்னு பாக்கெட்டே கத்துது. இவரு கப்ப கழட்டி வச்சிக்கிட்டு தூள மட்டும் தட்டுல வச்சிருக்காரு. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையோட செருப்ப கழட்டி வச்சிக்கிட்டு வெறுங்காலோடதான் அனுப்புவாரு போல, இந்த...” அங்கே பெயர் வரவேண்டிய இடத்தில் கீங்ங் என்று ஒரு சத்தம்.

இருளப்பன் கருவியைக் கழற்றியபோது காது சூடாக இருந்தது.

“அம்மா பர்ஹானா, இத மாத்தும்மா. நான் சொன்ன ஆளே இங்க வர்றாரு!”

“யாரு அங்கிள்?”

“என் சம்பந்தி! நான்தான் கூப்பிட்டேன்!”

பர்ஹானா முகம் வெளுத்தது. “ஐயோ, உங்க குரல்தானே, வேணாம்னா எடுத்துடலாம். ஆனா இத பூட்டி வச்சிருக்கு, திறக்கிற பாஸ்வேர்டு எங்க துறை சசிதரன் சார்கிட்டதான் இருக்கு. பசியாறப் போயிருக்காரு, நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அவர இந்தப் பக்கம் வரவிடாதீங்க.” காதுக் கருவியை மேசை விரிப்புக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடினாள்.

அவள் ஒரு கதவு வழியாகப் போக, இன்னொரு கதவு வழியாக முனியாண்டி உள்ளே வந்தார். பக்கத்தில் குணவதி.

“வாங்க சம்பந்தி, வாங்க! மொதல்ல மண்ணப் பாருங்க!” இருளப்பன் அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மண் குப்பிகள் முன்னால் நிறுத்தினார். “தம்பி, இந்த மண்ணுக்கு என்ன குறைன்னு சாருக்குச் சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.”

மண் படிக்கும் இளைஞன் விளக்கினான். இருளப்பன் தலையாட்டிவிட்டு, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார்.

“மண்ணுதானே சம்பந்தி,” என்றார் முனியாண்டி. “லூனாஸ்லயும் இருக்கு.”

கொசு மேசையில் உருப்பெருக்கி வைத்திருந்தார்கள். முனியாண்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இது உங்க வீட்டுக் கொசுவா?”

“ஆமா.”

“நல்லாத்தான் சாப்பிட்டிருக்கு.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருளப்பன் அவரை ஆந்தையிடம் இழுத்துப்போனார். ஓர் ஆந்தை ஒரு வருடத்தில் எத்தனை எலி தின்னும் என்று கேட்டார். எலியின் எலும்பை என்ன செய்யும் என்று கேட்டார். குஞ்சுகளுக்கு யார் ஊட்டுவார்கள் என்று கேட்டார். ஆந்தைக்காரப் பெண்ணுக்கு இவ்வளவு ஆர்வமான ஆளைக் கண்டதில் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்து மட்டைப் பலகை. முனியாண்டி அதைத் தட்டிப் பார்த்து, லோரிக்கு உதவுமா என்று யோசித்தார். அடுத்து முழங்கால் படம். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.

“இதுதான் என் முட்டி, சம்பந்தி!”

“உங்க பேரே போடலையே?”

“முட்டியப் பாத்தா தெரியலயா?”

முனியாண்டி படத்தையும் இருளப்பனின் காலையும் மாறிமாறிப் பார்த்தார். இருளப்பன் கதவைப் பார்த்தார். பர்ஹானாவைக் காணோம். சம்பந்தியின் முட்டியையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவரிடம் கெஞ்சினார். முனியாண்டியை நாற்காலியில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து குணவதியின் குரல் வந்தது.

“அண்ணே! இங்க வாங்கண்ணே! இவரு பேசுறது இதுல கேக்குதாம்!”

குணவதி எங்கே போனாலும் கலைந்து கிடப்பதை எடுத்து வைக்கிறவள். விரிப்பு ஒரு பக்கம் புடைத்திருப்பதைப் பார்த்து, யாரோ கவனமில்லாமல் தள்ளியிருக்கிறார்கள் என்று காதுக் கருவியை எடுத்துத் துடைத்து மேலே வைத்திருந்தாள். நிச்சயத்துக்கு மறுநாள் இவர் பேசியதை இவளும்தான் கேட்டுச் சிரித்தாள், ஆனால் அதுதான் இதற்குள் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முனியாண்டி எழுந்து நடந்தார். இருளப்பன் பின்னால் ஓடினார், அந்தப் பேர்போன முட்டியோடு. போய்ச் சேர்வதற்குள் கருவி சம்பந்தியின் காதில் ஏறிவிட்டது.

முனியாண்டியின் முகத்தில் முதலில் ஒரு புன்னகை. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி வெடித்துச் சிரித்தார். “கப்ப கழட்டிட்டானாம்! செருப்ப கழட்டுவானாம்! யாருய்யா அது, இப்படி ஒரு கஞ்சன்!” மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கதையைச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு சசிதரனோடு உள்ளே ஓடிவந்த பர்ஹானா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சொல்லிக்கொண்டே வந்த முனியாண்டி ‘தேயிலை’ என்ற இடத்தில் நின்றார்.

“சம்பந்தி.”

“சொல்லுங்க.”

“நாங்க வச்சது தேயிலதானே?”

இருளப்பனுக்கு இந்த இடத்திலும் ‘இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆமா” என்றார். குணவதி சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காஞ்சனாவின் கல்யாணம் அந்த மேசைமேல் கிடப்பதுபோல் இருளப்பன் விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முனியாண்டி முகத்தைக் கடுமையாக்கப் பார்த்தார். ஊரே கேட்க அவ்வளவு சிரித்த பிறகு அது நிற்கவில்லை. உதட்டோரம் நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் பர்ஹானாவின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இது ஒரு பக்கத்து நியாயம். நீங்கல்லாம் படிச்சவங்க, ரெண்டு பக்கமும் கேக்க வேணாமா? என்னையும் எடு.”

“லூனாஸ் பேச்சு எங்ககிட்ட இல்லவே இல்ல, அங்கிள்!” என்று பர்ஹானா ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

முனியாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எழுதிக்க. நான் முனியாண்டி, லூனாஸ். எம்பேர யாரும் மறைக்க வேணாம். நிச்சயத்தன்னிக்கு இவரு வீட்டுக்குப் போனோம். கேசரி குடுத்தாங்க. முந்திரிய ஆந்தை தூக்கிட்டுப் போயிருச்சுலா, ஏலக்கா தோலுதான் இருந்துச்சு. காத்தாடி ஒண்ணு இருந்துச்சு, அது அவங்க பக்கமே திரும்பி நின்னுச்சு. எங்க ஆளுங்க வேர்வையில நனைஞ்சு உக்காந்திருந்தோம்.”

“அந்தக் காத்தாடி திரும்பாது சம்பந்தி, கழுத்து ஒடைஞ்சது!” இருளப்பன் தன்னை மறந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “கேசரி உங்க தங்கச்சி கிண்டுனது. இதோ நிக்கிறா, அவகிட்டயே கேளுங்க.”

“ரெண்டு தட்டு நீங்க வாங்கித் தின்னீங்கண்ணே!” என்றாள் குணவதி. “மூணாவது தட்டு வீட்டுக்குக் கட்டிக்கிட்டீங்க.”

“பசிம்மா அது! லூனாஸ்ல இருந்து வர்றோம்ல?” முனியாண்டி மறுபடி சிரித்துவிட்டார். “சரி, கல்யாணத்துக்குக் கேசரி எங்க பொறுப்பு. சமையலுக்கு எங்க பக்கம் ஒரு ஆளு இருக்கான், சத்தியசீலன்னு. முந்திரிய அள்ளிப் போடுவான்.”

“மண்டபம் எங்க பக்கம் பாப்போமா, உங்க பக்கமா?”

“உங்க பக்கம்தான்லா நல்லது. ஆனா காத்தாடிய நான் வந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாப்பேன்.”

“மழக் காலம் வேற. கூடாரம் போடணும்.”

“என் லோரி இருக்கு, சாமான் ஏத்துறத எங்கிட்ட விடுங்க. அழைப்புல எங்க அண்ணன் பேரு மேல வரணும், இல்லன்னா அவரு வரமாட்டாரு. எங்க குடும்பமே அப்படித்தான்.”

பேச்சு பூமாலைக்குப் போய், நாதஸ்வரக்காரருக்குப் போய், மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி கட்டத் தெரியுமா என்பதற்குப் போனது. கருவி மேசைமேல் இருப்பது யாருக்கும் நினைவில்லை. சசிதரன் ஏதோ கேட்க வாயெடுத்தபோது பர்ஹானா உதட்டில் விரலை வைத்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அவள் நின்றாள்.