கோழிக்குத் திருத்தம் இல்லை

ஒற்றக்கா என்றால் பாடநூல் அலுவலகத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் உதறல்தான். எந்த வரியில் எந்த ஒற்று விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ, ஒற்று என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத எழுத்தாளர். வார நாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கியத்தை நகர்த்துவார். இலக்கியம் இம்மியளவும் நகர்ந்ததாக இதுவரை தகவல் இல்லை.

இந்தத் தடவை அவர் தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் ஆளுக்கு ஒரு கதையாக வறுத்தெடுத்திருந்தார். மேலதிகாரி, தம்பி, பக்கத்து மேசைக்காரி, ஒருவரும் பாக்கியில்லை. வீட்டில் மூச்சு விடாமல் நேராகப் பதிப்பாளரிடம் கொண்டுபோனார். பதிப்பாளர் இளவயதுக்காரர், பயந்த சுபாவம்.

"சார், இதை அப்படியே போட்டா நாம ரெண்டு பேரும் கோர்ட்டு வாசல்லதான் குடியிருக்கணும்," என்றார். "எல்லாரையும் மிருகமா மாத்திடுங்க. கரடி பேர்ல எழுதினா யாரு கேஸ் போடப் போறாங்க?"

எழுத்தாளருக்கு அது தெய்வவாக்காகப் பட்டது. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் கொம்பும் இறகும் முளைத்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்து பெருமை வேறு. "மனுஷனோட குணத்தைச் சொல்ல மிருகத்தை விட்டா வேற வழியே இல்லம்மா. காலங்காலமா பெரிய எழுத்தெல்லாம் அப்படித்தான்."

ஒற்றக்காவுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வருஷா வருஷம் பாடநூலில் அவள் மேய்க்கிற மந்தைதான் இது. நரி வந்தால் தந்திரம், கழுதை வந்தால் மடமை, ஆமை வந்தால் நிதானம். ஒரு மனிதனை உட்கார்ந்து கவனிக்கச் சோம்பல்படுகிறவன்தான் நரியைப் பிடித்து இழுத்துவருவான் என்பது அவள் கட்சி. சரி, நரியையாவது கவனித்திருப்பானா என்றால் அதுவும் கிடையாது. இவர் வாழ்நாளில் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே மிருகம் மாடிவீட்டு நாய். அதற்கும் பயந்து படியில் பாதியிலேயே நின்றவர்.

இவ்வளவு இளக்காரம் இருந்தும் ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் எது? ஊரையே எழுதியவர் கட்டிய மனைவியை விட்டிருக்க மாட்டார். வாயைத் திறந்து கேட்கலாம். கேட்டால் அவருக்குத் தலைகால் புரியாது, அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஆனால் தெரிந்தாக வேண்டும். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதர் தன்னை என்னவாகப் பார்க்கிறார் என்பது அச்சில் வரப்போகிறது. கண்டவர் எல்லாம் படிப்பார்கள், தனக்கு மட்டும் தெரியாதா?

கேட்காமலேயே வழி பிறந்தது. பதிப்பாளர் தாள்கட்டை அலறியடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நம் எழுத்தாளர் பெயர்களை மாற்றியவர், வினைமுற்றுகளைத் தொடவே இல்லை. 'கரடி எழுந்து நின்று நன்றியுரை ஆற்றினார்.' 'நரி இரவல் சட்டையோடு கம்பி நீட்டினான்.' 'மான் மெல்லச் சிரித்தாள்.' பக்கத்துக்குப் பக்கம் இதே கூத்து.

"சின்ன வேலைதாம்மா," என்றார் எழுத்தாளர், சோபாவில் காலை நீட்டியபடி. "மிருகம்னா அஃறிணைதானே. கடைசி எழுத்தை மட்டும் மாத்திடு. உனக்குக் கண்ணை மூடிக்கிட்டே வரும்."

"கண்ணைத் திறந்துக்கிட்டே பாக்கிறேன், குடுங்க," என்றாள் அவள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். சோபாவில் குறட்டை தொடங்கியது.

நாலு பக்கம் போவதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. மேலே மிருகத்தோலைப் போர்த்திவிட்டு, ஆள் யார் என்பதைக் கடைசி எழுத்தில் அம்மணமாக விட்டிருக்கிறார். கரடி மேலதிகாரி. வீட்டில் பேசும்போது 'அந்த ஆளு', 'அந்தத் தடியன்' என்று வாய் கிழியும். எழுத உட்கார்ந்தால் மட்டும் பயபக்தியோடு 'ஆற்றினார்', 'அமர்ந்தார்'. முதுகுக்குப் பின்னால் திட்டுவதற்குக்கூட மரியாதையோடு திட்டுகிற வீரம். நரி தம்பி. அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பிதான் என்றாலும் 'கம்பி நீட்டினான்' என்று எழுதியதில் தப்பில்லை, சட்டை இன்னும் வந்து சேரவில்லை. அவள் ஒவ்வொரு வாலையும் ஒட்ட நறுக்கி ஒரு 'து' வைத்தாள்.

அடுத்து ஒரு கழுகு வந்தது. 'கழுகு யாரும் எட்டாத உயரத்தில் தனியே பறந்தார். கீழே இருப்பவர்களை எண்ணி வருந்தினார். மூட்டு வலியையும் பொருட்படுத்தவில்லை.' மூட்டு வலி என்றதும் ஒற்றக்காவுக்குப் புரையேறியது. சோபாவில் தைலம் மணக்கக் கிடக்கிற அதே முழங்கால்தான். தனக்குத்தானே 'ர்' போட்டுக்கொண்ட மனிதரை அவள் அன்றுதான் முதலில் பார்த்தாள். 'பறந்தார்' 'பறந்தது' ஆனது. அந்த இடத்தில் பேனா கொஞ்சம் அழுத்தமாகவே பதிந்தது.

பிறகு மான். 'மான் மழையில் நனைந்தபடி வந்தாள். கூந்தலை ஒதுக்கினாள். அவள் சிரித்தபோது காடே நின்று பார்த்தது.' ஒற்றக்காவின் கை நின்றது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் பேருந்து நிறுத்தத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்திருக்கிறாள். இவர் துண்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அதைப் போய் இத்தனை வருஷம் மனசில் வைத்திருக்கிறாரா இந்த மனிதர்? கேவலமான வாக்கியம்தான், காடு எங்கே நின்று பார்க்கும்? இருந்தாலும் கன்னம் சூடேறியது. வெட்கமாக இருந்தது, அதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. பக்கத்தைப் புரட்டினாள். 'மான் இடக்கையால் கையெழுத்திட்டாள். அந்த அழகுக்கு ஈடேது.' ஒற்றக்கா தன் வலக்கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரிக்கு இடக்கைப் பழக்கம் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு, யாரும் கேட்காமலேயே. அந்த மானின் அத்தனை 'ள்'ளையும் அவள் நிதானமாக, கோடு கோணாமல் அடித்தாள்.

கடைசிக் கதை கோழி. முதல் பக்கத்தில் திருத்த ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. வந்தது, கொத்தியது, போனது என்று எல்லாம் இலக்கணப்படி கச்சிதம். அப்பாடா, மனிதர் நிஜமாகவே ஒரு கோழியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து படித்தாள். நன்றாகவும் இருந்தது. சொல்லப்போனால் கட்டு முழுவதிலும் அது ஒன்றுதான் உருப்படி. கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. மண்ணில் ஒரு குறுணை விடாமல் பொறுக்கியது. இருட்டும் நேரத்தில் மின்விசிறியை அணைத்தது. பூட்டிய கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தது. கழுகு வானத்தைப் பற்றிச் சொன்னபோது, 'அந்த இடத்தில் ஒரு க் வரவேண்டும்' என்றது.

ஒற்றக்கா மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். ஒற்றுப்பிழைகூட இல்லை. மற்றவர்களை எழுதும்போது 'ர்' போட்டார், 'ன்' போட்டார், மானுக்கு உருகி உருகி 'ள்' போட்டார். இது ஒன்றைத்தான் மிருகமாக மாற்றவேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. எழுதும்போதே அஃறிணையாகத்தான் வந்திருக்கிறது. அவள் பேனாவைத் திறந்து 'கொத்தியது' மேல் வைத்தாள். பிழை இல்லாத இடத்தில் கைவைக்க அவளுக்கு வரவில்லை. மூடிவிட்டாள். தாள்களை அடுக்கித் தட்டி நேராக்கினாள்.

"என்னங்க."

குறட்டை நின்றது. "முடிச்சிட்டியா?"

"இதுல நான் எது?"

எழுத்தாளர் ஒரு கண்ணைத் திறந்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "இது தெரியலையா உனக்கு? நீதாம்மா மான்."

"நான் எந்தக் கையில எழுதுவேன்?"

அவர் அவள் கைகளைப் பார்த்தார். இரண்டும் மடியில் சும்மா கிடந்தன, பேனா மேசையில் கிடந்தது. "இது என்ன கேள்வி? எழுதுற கையிலதான்," என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றத் தாள்கட்டை வாங்கிப் புரட்டினார். சிவப்பைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே போனவர் கடைசிக்கு வந்ததும் மலர்ந்தார்.

"பாத்தியா, கோழியில ஒரு கோடு இல்ல. இது யோசிச்சு எழுதினதே இல்லம்மா. தானா வந்துச்சு."

"தெரியுது," என்றாள்.

அவர் கட்டை மார்பில் வைத்துக்கொண்டு திரும்பவும் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஒற்றக்கா எடுத்தாள். பதிப்பாளர்தான்.

"அண்ணி, திருத்தம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆளை அனுப்புங்க."

"ரொம்ப நன்றி அண்ணி. சார் இருக்காரா?"

அவள் சோபாவைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் குளிக்கிறார், வெளியே போயிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறார் என்று யாரிடமும் ஒரு 'ர்' குறைத்துச் சொன்னவள் இல்லை அவள்.

"இருக்கு," என்றாள். "தூங்குது."

"எது அண்ணி?"

"உங்க எழுத்தாளர்தான். எழுப்பட்டுமா? எழுப்பினா கொஞ்சம் கத்தும்."

சோபாவில் கிடந்தது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.