காரணம் எழுத விட்ட இடம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதில் கடிதம் எழுதும் வேலைக்கு அவள் வந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று வெள்ளிக்கிழமை மேனேஜர் சொல்லிவிடுவார். அவரிடம் நல்ல பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆங்கிலத்தில் ‘ரீசன்’ என்று எழுதினால் பின்னாலேயே ‘ஃபார்’ வந்தாக வேண்டும். அவள் இரண்டு முறை ‘ஆஃப்’ போட்டு, இரண்டு முறையும் சிவப்பு வட்டம் வாங்கி, ஆபீசுக்கே ‘ஆஃப் அக்கா’ ஆகியிருந்தாள்.

மூன்றாவது கடிதம் ஒரு ஆறாம் மாடிக்காரருக்கு. ஒன்பது நாளாக லிஃப்ட் ஓடவில்லை, சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவைக் கீழே இறக்க முடியவில்லை, ஏன் தாமதம் என்று கேட்டிருந்தார். மெக்கானிக்கிடம் கேட்டு எழுதலாம் என்று காரணத்துக்கு இரண்டு வரி இடம் விட்டவள், ‘ஃபார்’ சரியாக விழுந்திருக்கிறதா என்று ஏழு தடவை பார்த்ததில் அதை மறந்தே போனாள். மேனேஜர் பேனாவை ஓட்டினார். வட்டம் விழவில்லை. கையெழுத்துப் போட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு நாள் கழித்து ஆறாம் மாடிக்காரரே கடிதமும் கையுமாக வந்து நின்றார்.

“தப்பே இல்லாம எழுதியிருக்கீங்கம்மா. காரணத்தைத்தான் காணோம்.”

வெட்கம் பிடுங்கித் தின்ன, அவரை உட்காரவைத்துவிட்டு மெக்கானிக்கிடம் ஓடினாள். லிஃப்ட் நின்ற அன்றைக்கே உதிரிபாகம் கேட்டு ஆபீசுக்குச் சீட்டு கொடுத்தாயிற்று என்று அவர் எடுத்துக் காட்டினார். ‘ரிக்வெஸ்ட்’டை அடுத்து, ‘ஃபார்’ வரவேண்டிய இடத்தில் ‘ஆஃப்’. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“நாங்க சரிபார்த்த நட்டுக்குத்தான் வட்டம் போடுவோம். சார் ஓகே பண்ணிட்டாரு, பார்ட் வரும்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

வெள்ளிக்கிழமையை நினைத்துக் காகிதத்தை நகர்த்தி வைத்தாள். சக்கர நாற்காலி அம்மாவை நினைத்து மறுபடி இழுத்துக்கொண்டாள். ஒரு சின்னச் சொல்லுக்காகச் சீட்டை ஆபீசே திருப்பி அனுப்பியதுதான் காரணம் என்று உள்ளதை உள்ளபடி எழுதி, சீட்டோடு மேனேஜர் முன்னால் வைத்தாள்.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். வட்டம் போட இடமில்லை. பேனாவை மூடிவிட்டு, நீலப் பேனாவில் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டார். சீட்டிலும் போட்டார். வட்டத்துக்குள் ‘ஆஃப்’ அப்படியே இருந்தது.

“திங்கட்கிழமையிலேர்ந்து மெக்கானிக் சீட்டெல்லாம் நீங்களே பாருங்கம்மா” என்றார், தலை நிமிராமல்.